வேலி இல்லாத வயல்: லாக்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கிராமம்

எங்கள் ஊர்ப் பக்கம் வயதானவர்களிடம் வழி கேட்டால் இன்றும் "ரெண்டு பர்லாங் போனா கோயில் வரும்" என்பார்கள். கிலோமீட்டர் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பர்லாங் போகவில்லை. நிலம் வாங்குகிறவர்களும் ஏக்கர், சென்ட் என்றுதான் பேசுகிறார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த அளவு என்று நமக்குத் தெரியும். ஆனால் பர்லாங்கும் ஏக்கரும் பிறந்த இடம் லண்டனில் இருந்த அலுவலகம் எதுவும் இல்லை. சேறும் எருதும் ஏரும் இருந்த ஆங்கிலேயக் கிராமத்து வயலில் பிறந்தவை அவை. பர்லாங் என்ற சொல்லுக்கே 'உழவுச்சாலின் நீளம்' என்றுதான் பொருள்.

அந்த வயல் எப்படி இருந்தது, அதைச் சுற்றி ஊர் எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பழைய கதையாக மட்டும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வயலை இன்றைக்கும் பழைய முறையில் உழுது விதைக்கிற ஊர் ஒன்று இங்கிலாந்தில் மிச்சம் இருக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே இருக்கிற லாக்ஸ்டன்.

முதலில் ஒரு படத்தை மனத்திலிருந்து அழித்துவிட வேண்டும். இங்கிலாந்துக் கிராமம் என்றதும் நமக்குத் தோன்றுவது என்ன? பச்சைப் பசேல் என்று சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்த வயல்கள், ஒவ்வொன்றையும் சுற்றி அடர்ந்த உயிர்வேலி, நடுநடுவே தனித்தனிப் பண்ணை வீடுகள். காலண்டரில் வருகிற இந்தக் காட்சியை ஆதிகாலத்திலிருந்தே இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் இருக்கிற ஊர்கள் பலவற்றில் அந்த வேலிகளுக்கு வயது இருநூறு, முந்நூறு வருஷம்தான். அதற்கு முன்னால் பல நூற்றாண்டுகளாக அங்கே வேலியே கிடையாது. ஊரைச் சுற்றி இரண்டோ மூன்றோ பிரம்மாண்டமான திறந்த வயல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான ஏக்கர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தடுப்பு இல்லை. இதைத்தான் திறந்தவெளி வயல் முறை என்கிறோம்.

சரி, வேலி இல்லை என்றால் யாருடைய நிலம் எது?

அந்தப் பெரிய வயலுக்குள் நீள நீளமான பட்டைகள் இருந்தன. ஒரு பட்டை ஒருவருக்கு, அடுத்தது இன்னொருவருக்கு, அதற்கடுத்தது மூன்றாமவருக்கு. ஒரு குடியானவருக்கு முப்பது பட்டை இருந்தால் அந்த முப்பதும் ஒரே இடத்தில் இருக்காது. தெற்கு வயலில் பத்து, மேற்கு வயலில் பத்து, ஆலை வயலில் பத்து என்று சிதறிக் கிடக்கும். அதிலும் ஒன்று ஓடையோரத்துக் களிமண், ஒன்று மேட்டுநிலம், ஒன்று ஊருக்குப் பக்கத்தில், ஒன்று நடந்து போனால் கால் கடுக்கும் தூரத்தில். இப்படிச் சிதறடித்தது ஏன் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பரவலாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் கலந்து கிடைக்கும் என்பது ஒன்று. மழை அதிகமாகப் பெய்து பள்ளத்துப் பயிர் அழுகினாலும் மேட்டுப் பயிர் தப்பும், யாருக்கும் முழு நஷ்டம் வராது என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவது காரணம் மிகவும் பிடிக்கும். பயிர்க் காப்பீடு என்ற சொல்லே இல்லாத காலத்தில் நிலத்தின் அமைப்பிலேயே அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

பட்டை ஏன் சதுரமாக இல்லாமல் நீளமாக இருந்தது? அதற்குப் பதில் ஏரில் இருக்கிறது. வட ஐரோப்பாவின் ஈரக் களிமண்ணைக் கீறுவதற்குக் கனமான ஏர் வேண்டும். அதை இழுக்க எட்டு எருதுகள் வரை பூட்டினார்கள். எட்டு எருதுகளை ஜோடி ஜோடியாக வரிசையில் கட்டி ஓட்டினால் திருப்புவது பெரிய பாடு. ஆகவே திருப்பங்கள் குறைவாக இருக்க வேண்டும், சால் நீளமாக ஓட வேண்டும். எருதுகள் நின்று மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் போகக்கூடிய தூரம்தான் பர்லாங்: 220 கஜம், இன்றைய கணக்கில் சுமார் 201 மீட்டர். அந்த நீளத்துக்கு 22 கஜ அகலம் உழுதால் ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் அது என்பதுதான் பழைய கணக்கு. 1620-இல் எட்மண்ட் கண்டர் என்ற கணித அறிஞர் நிலம் அளக்க 22 கஜ நீளத்தில் நூறு கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்றை வடிவமைத்தார். நம் ஊர் சர்வேயர்கள் இழுத்த சங்கிலிக்கு மூலம் அதுதான். கிரிக்கெட் ஆடுகளத்தில் விக்கெட்டுக்கு விக்கெட் 22 கஜம் என்று இருக்கிறதே, அதுவும் ஒரு சங்கிலி நீளமே.

இந்த உழவு மண்ணிலேயே தடம் பதித்திருக்கிறது. அந்தக் கனமான ஏர் மண்ணை எப்போதும் வலது பக்கமாகவே புரட்டிப் போடும். பட்டையின் நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உழும்போது மண் வருஷா வருஷம் நடுவை நோக்கிச் சேர்ந்து, பட்டை மேடாகவும் இரு பட்டைகளுக்கு இடையே பள்ளமாகவும் ஆகிவிடும். பள்ளத்தில் தண்ணீர் வடியும். எருதுகள் முனையில் திரும்புவதற்கு முன்பே வளையத் தொடங்குவதால் பட்டையும் லேசாக நெளிந்திருக்கும். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில், பிற்காலத்தில் புல்வெளியாக விடப்பட்ட இடங்களில், சாயங்கால வெயில் சரிவாக விழும்போது இந்த மேடும் பள்ளமும் அலை அலையாகத் தெரியும். துணியைக் கையால் சுருக்கிவிட்டது போல் இருக்கும். இடைக்கால உழவர்களின் கைவேலை அது. மேலே இப்போது ஆடு மேய்கிறது.

இனி சாகுபடி. மூன்று வயல், மூன்று வருஷச் சுழற்சி. ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பார்கள். இரண்டாவதில் வசந்தத்தில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, அவரை வகைகள். மூன்றாவதைத் தரிசாகப் போட்டுவிடுவார்கள். மறு வருஷம் எல்லாம் ஒரு படி நகரும். தரிசு வயலில் ஊரின் ஆடு மாடுகள் எல்லாம் சேர்ந்து மேயும். நம் ஊரில் எருவுக்காகக் காசு கொடுத்துக் கிடை போடச் சொல்வோமே, அந்த வேலை அங்கே தானாக நடந்துவிடும். அறுவடை முடிந்ததும் மற்ற வயல்களின் தாள்களிலும் ஊர்க் கால்நடைகள் மேயும். அதாவது பயிர் நிற்கும்போது பட்டை உன்னுடையது. அறுத்து எடுத்த பிறகு அது ஊருக்கு.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பழைய ஆங்கிலேயக் கிராமம் முழுவதும் புரிந்துவிடும். உன் பட்டையில் உனக்குப் பிடித்ததைப் பிடித்த நேரத்தில் விதைக்க முடியாது. ஊர் முழுக்கக் கோதுமை விதைக்கும்போது நீயும் கோதுமைதான். எல்லோரும் அறுத்த பிறகு நீ மட்டும் தாமதித்தால் மாடுகள் வந்துவிடும். ஆகவே உழவு, விதைப்பு, அறுவடை, மேய்ச்சல் எல்லாவற்றையும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்படி முடிவெடுக்கும் இடம் மேனர் நீதிமன்றம். மேனர் என்பது ஒரு பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலப்பரப்பு. நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் பிரபுவின் ஸ்டூவர்ட், நம் பேச்சில் காரியஸ்தர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வயலைப் பற்றிய விதிகளை வகுத்ததும் தவறு செய்தவர் யார் என்று சொன்னதும் ஊர்க்காரர்களே கொண்ட ஜூரி.

விதிகள் மிக நுணுக்கமானவை. ஒருவர் எத்தனை ஆடு, எத்தனை மாடு மேய்க்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. என்றைக்கு வயலைத் திறப்பது, என்றைக்கு மூடுவது, கால்வாயை யார் தூர்வாருவது என்று எல்லாவற்றுக்கும் விதி. தப்பி வந்து பயிரில் வாய் வைக்கும் மாட்டைப் பிடித்து அடைக்க ஒரு ஆள் உண்டு, அவருக்குப் பிண்டர் என்று பெயர். அடைக்கும் சுற்றுச்சுவர் கட்டிய இடம் பின்ஃபோல்டு. நம் கிராமங்களில் 'மாட்டைப் பவுண்டுல அடைச்சிட்டாங்க' என்று சொல்வோமே, அந்தப் பவுண்டும் இதே வழக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் சட்டமாக நம்மிடம் வந்ததுதான். லாக்ஸ்டனில் இன்றும் பிண்டர் நியமிக்கப்படுகிறார்.

1968-இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர், பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஆளாளுக்கு இன்னொரு மாட்டை ஓட்டிவிட்டுக் கடைசியில் நிலமே பாழாகும் என்று வாதிட்டார். அந்த வாதம் உலகம் முழுக்கப் பரவியது. பழைய ஆங்கிலேயப் பொது நிலத்தைப் பொறுத்தவரை அது தவறான படம் என்றே நான் நினைக்கிறேன். அங்கே ஆளாளுக்கு ஓட்டிவிட முடியாது, கணக்குப் பார்க்க ஊர் இருந்தது. பொதுச் சொத்தை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று பல நாட்டு உதாரணங்களோடு காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. லாக்ஸ்டன்காரர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

லாக்ஸ்டனின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம், இருபது வருஷம் கழித்து நாடு முழுவதும் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1086-இல் உருவான அந்தப் பதிவேட்டுக்கு டூம்ஸ்டே என்று பெயர். அதில் லாக்ஸ்டன் இருக்கிறது. நார்மன் படையெடுப்புக்கு முன் டோக்கி என்பவரிடம் இருந்த ஊர், பிறகு ஜெஃப்ரி அல்செலின் என்ற நார்மனிடம் போனது என்று அது சொல்கிறது. அப்புறம் ஊருக்கு வடக்கே மண்ணைக் குவித்து மேடாக்கி ஒரு கோட்டை கட்டினார்கள். அந்த மேடு இன்றும் நிற்கிறது. கோட்டையில் இருந்தவர்கள் ஷெர்வுட் உள்ளிட்ட அரச காடுகளைப் பரம்பரையாகக் காவல் காத்த குடும்பம். ராபின் ஹூட் கதைகளில் வருகிற அதே ஷெர்வுட்தான்.

ஆனால் கோட்டையை விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு வரைபடம். 1625-இல் லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன் இந்த ஊரின் உரிமையை விலைக்கு வாங்கினார். வாங்கியது என்ன என்று தெரிய வேண்டும் அல்லவா? மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை வைத்து 1635-இல் ஊரை அளந்து வரைந்தார். ஆயிரக்கணக்கில் இருந்த பட்டைகள் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. வீடுகள், தோட்டங்கள், பாதைகள் எல்லாம் இருக்கின்றன. அதோடு நிற்காமல், ஏர் ஓட்டுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டையாடுகிறவர்கள் என்று சின்னச் சின்ன மனித உருவங்களையும் வரைந்து வைத்திருக்கிறார். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் படத்தில் உள்ள தெருவை இன்றைய லாக்ஸ்டன் தெருவோடு ஒப்பிட்டால் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். பண்ணை வீடுகள் எல்லாம் தெருவிலேயே, அடுத்தடுத்து இருக்கின்றன. நிலம் நாலு பக்கமும் சிதறிக் கிடக்கும்போது ஊர் நடுவில் குடியிருப்பதுதானே வசதி?

இப்படிக் கூட்டாக உழுது வாழ்ந்த ஊர்களின் பண்டிகைகளும் அந்த வாழ்க்கையிலிருந்தே வந்தன. இவை லாக்ஸ்டனுக்கு மட்டும் உரியவை கிடையாது, இங்கிலாந்தின் பல பகுதிகளில் வழங்கியவை.

ஜனவரி 6-ஆம் தேதி கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது. அதற்கு அடுத்து வரும் திங்கள்கிழமைக்கு ஏர்த் திங்கள் என்று பெயர். விடுமுறை முடிந்து உழவு தொடங்கும் நாள். பண்ணையாட்களான இளைஞர்கள் முகத்தில் கரி பூசி ஆள் தெரியாமல் வேஷம் கட்டி, ஏரை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காசு கேட்பார்கள். கொடுக்காத வீட்டு வாசலை உழுதுவிட்டுப் போவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நாட்டிங்ஹாம்ஷயர் பக்கத்தில் இதோடு சேர்த்து ஒரு சிறு கூத்தும் போடுவார்கள். அதில் ஒரு கோமாளி, படைக்கு ஆள் சேர்க்கும் சார்ஜென்ட், ஒரு கிழவி, ஒரு வைத்தியர். அடிபட்டு விழுந்தவரை வைத்தியர் வந்து எழுப்பிவிடுவார். குளிர்காலத்தில் வேலையும் வருமானமும் குறைந்து தவிக்கிற ஆட்கள், பிச்சை என்று பெயர் வராமல் பணம் திரட்டிக்கொண்ட வழி இது. வசதியானவர்களும் அதைத் தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

வசந்தத்தில் எல்லை சுற்றுதல். ஈஸ்டர் முடிந்து ஐந்து வாரம் கழித்து, பாதிரியாரும் ஊர்ப் பெரியவர்களும் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் எல்லை முழுவதும் நடப்பார்கள். எல்லைக் கல், பழைய மரம், ஓடை என்று ஒவ்வொரு அடையாளத்தையும் கையிலிருக்கும் குச்சியால் அடிப்பார்கள். சில ஊர்களில் சிறுவனைத் தலைகீழாகப் பிடித்துக் கல்லில் மெல்ல முட்டவும் செய்வார்கள். வலித்தால் மறக்காது என்பதுதான் காரணம். வரைபடம் இல்லாத காலத்தில், ஐம்பது வருஷம் கழித்து எல்லைத் தகராறு வந்தால் 'இந்தக் கல்தான், எனக்குத் தெரியும்' என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும். வரி யாருக்குக் கட்டுவது, ஏழைக்குச் சோறு போடுவது எந்த ஊரின் பொறுப்பு, எந்தக் கல்லறையில் புதைப்பது என்பதெல்லாம் அந்த எல்லையைப் பொறுத்தது.

மே மாதம் நெடிய கம்பம் நட்டு அதைச் சுற்றி ஆடுவார்கள். லாக்ஸ்டனுக்குப் பக்கத்திலேயே வெல்லோ என்ற ஊரின் பசுந்திடலில் நிரந்தரமாகவே ஒரு கம்பம் நிற்கிறது. மதக் கட்டுப்பாடு மிகுந்த பியூரிட்டன்கள் அதிகாரத்தில் இருந்தபோது, 1644-இல், நாடாளுமன்றம் மே கம்பங்களையெல்லாம் இறக்கச் சொன்னது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் கம்பங்களும் திரும்பின. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கம்பத்தின் உச்சியில் நாடா கட்டிக் குழந்தைகள் நம் பின்னல் கோலாட்டம் போலப் பின்னிப் பின்னி ஆடுகிறார்களே, அது 19-ஆம் நூற்றாண்டில் பள்ளிகள் வழியாகப் பரவியது. தேவாலயத்தில் காய்கறியும் ரொட்டியும் வைத்துக் கொண்டாடும் அறுவடை வழிபாடும் அப்படித்தான். இன்றைய வடிவில் அது 1843-இல் கார்ன்வால் பகுதியில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரின் பாதிரியார் தொடங்கியது. ஆகவே ஆங்கிலேயக் கிராமத்தில் ஒரு வழக்கத்தைப் பார்த்ததும் ஆயிரம் வருஷப் பழமை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்குதல். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கதிர்க்கட்டுகளை வண்டியில் ஏற்றிய பிறகும் வயலில் ஒரே ஒரு கட்டை மட்டும் விட்டு வைப்பார்கள். அது நிற்கும் வரை யாரும் உள்ளே நுழையக் கூடாது. அந்தக் கடைசிக் கட்டை எடுத்ததும் விதவைகளும் ஏழைப் பெண்களும் குழந்தைகளும் இறங்கி உதிர்ந்த கதிர்களைப் பொறுக்குவார்கள். பல ஊர்களில் காலையில் தேவாலய மணி அடித்தால்தான் தொடங்கலாம், மாலை மணிக்கு நிறுத்திவிட வேண்டும். விடியற்காலையே ஓடி வந்து பலசாலிகள் அள்ளிக்கொண்டு போகாமல், கைக்குழந்தைக்காரிக்கும் கிழவிக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்கு அந்த மணி. ஒரு குடும்பம் குளிர்காலத்தில் பல வாரம் ரொட்டி சாப்பிட அந்தக் கதிர் உதவியது. 1788-இல் சஃபோக் பகுதியிலிருந்து வந்த வழக்கு ஒன்றில், மேரி ஹௌட்டன் என்ற பெண் பிறர் நிலத்தில் கதிர் பொறுக்கியது அத்துமீறல் என்றும், பொதுச் சட்டப்படி அப்படி ஓர் உரிமையே இல்லை என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் பல ஊர்களில் பெண்கள் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அதுவரை உரிமையாக இருந்தது அதன் பிறகு சலுகையாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு வந்த காலத்தில்தான் திறந்த வயல்களும் வேகமாக மறைந்துகொண்டிருந்தன. இதற்கு வேலியடைப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சிதறிய பட்டைகளை ஒன்றாகத் தொகுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே துண்டாகக் கொடுத்து, வேலி போட்டு, பொது மேய்ச்சல் உரிமையை ரத்து செய்வது. 1604-க்கும் 1914-க்கும் இடையே 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். சட்டம் இல்லாமல் ஊருக்குள்ளேயே பேசி அடைத்தது தனி.

அதற்கு நியாயமும் சொன்னார்கள், அதில் உண்மையும் உண்டு. தன் நிலத்தில் டர்னிப் போடலாம், நல்ல இன ஆடு வளர்க்கலாம், வடிகால் வெட்டலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் ஊர் சம்மதித்ததா என்று பார்த்தது தலைகளை எண்ணி இல்லை. நிலத்தின் மதிப்பை எண்ணித்தான் பார்த்தார்கள். பெரும் பங்கு நிலம் வைத்திருந்த இரண்டு மூன்று பேர் ஒத்துக்கொண்டால் போதும். ஆணையர்கள் வந்தார்கள், அளந்தார்கள், பிரித்தார்கள். செலவை நிலம் பெற்றவர்களே ஏற்க வேண்டும். அஞ்சு ஏக்கர்க்காரருக்கு வழக்குச் செலவும் வேலிச் செலவும் சேர்ந்தால் நிலத்தை விற்றுவிடுவதே மேல் என்றாகிவிடும். ஒரு பசுவை மட்டும் பொதுநிலத்தில் மேய்த்துப் பிழைத்த குடிசைக்காரரிடம் பத்திரம் ஏதும் இல்லை, வழக்கம் மட்டும்தான் இருந்தது. பல இடங்களில் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. காலண்டரில் நாம் ரசிக்கிற அந்த உயிர்வேலிகளில் பெரும்பகுதி இப்படி நட்டவை.

லாக்ஸ்டன் எப்படித் தப்பித்தது? முழுசாகத் தப்பிக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பகுதியை அடைத்துவிட்டார்கள். மிச்சத்தையும் அடைத்திருப்பார்கள். ஆனால் ஊரில் பெரிய நிலக்காரர்கள் இருவர், மான்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும். அவர்களுக்குள் ஒத்துவரவில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இருவரும் முறைத்துக்கொண்டிருந்ததில் காலம் கடந்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கினார்கள். ஆகவே இன்றைய பட்டைகள் பழையவற்றை விட அகலமானவை, டிராக்டருக்கு ஏற்றவை. இப்போது திறந்த வயலாக மிஞ்சியிருப்பது சுமார் 480 ஏக்கர்.

1952-இல் மான்வர்ஸ் குடும்பம் எஸ்டேட்டை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றது, வயல் முறையைக் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையோடு. 1981-இல் அது கிரவுன் எஸ்டேட் என்ற அரச சொத்து அமைப்பின் கைக்கு மாறியது. 2020-இல் மான்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கிக்கொண்டது. நீதிமன்றத்துக்கும் ஒரு கண்டம் வந்தது. 1977-இல் ஒரு சட்டத் திருத்தம் நாட்டிலிருந்த பழைய மேனர் நீதிமன்றங்களின் அதிகாரத்தையெல்லாம் எடுத்துவிட்டது. லாக்ஸ்டனுக்குப் பெயர் சொல்லி விலக்கு அளித்தார்கள். அதனால் கோர்ட் லீட் என்று அழைக்கப்படும் அந்த நீதிமன்றம் இன்றும் நிஜமான அதிகாரத்தோடு கூடுகிறது, நாடகத்துக்காக இல்லை.

அது கூடுவதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நவம்பர் மாதக் கடைசி. அந்த வருஷம் கோதுமை விதைத்த வயலில் முளை ஒரு விரல் உயரத்துக்கு வந்திருக்கும். மேகம் மூடிய குளிர், ஈரக் களிமண் பூட்ஸில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் இரண்டு மடங்கு கனக்கும். தலைவரோடு ஜூரிக்காரர்கள் டிராக்டர் டிரெய்லரில் ஏறிப் புறப்படுகிறார்கள். எல்லோரும் அதே வயலில் பட்டை வைத்திருக்கும் விவசாயிகள். கையில் மண்வெட்டி, சுத்தியல், முனை சீவிய மரக் குச்சிகள். ஒவ்வொரு பட்டையின் முனையிலும் இறங்கிப் பார்க்கிறார்கள். பக்கத்துப் பட்டைக்குள் ஒரு சால் தள்ளி உழுதிருக்கிறதா? பாதையைக் கடித்திருக்கிறதா? சைக் என்று அவர்கள் சொல்கிற புல்தரைக்குள் ஏர் போயிருக்கிறதா?

சைக் என்பது வயலுக்கு நடுவே, ஈரம் அதிகமாகவோ சரிவாகவோ இருப்பதால் காலங்காலமாக உழாமல் விட்ட புல்பகுதி. ஏர் படாததால் அங்கே இன்றும் வேறெங்கும் எளிதில் காணாத காட்டுப் பூக்கள் பூக்கின்றன. அதற்காகவே அவை இயற்கைப் பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் புல்லை அறுக்கும் உரிமையை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். ஒருவர் அதில் அரையடி உழுது சேர்த்துக்கொண்டால் அது ஊர்ச் சொத்தில் கை வைத்தது.

எல்லை மங்கியிருந்தால் கண்ணால் நேர்பார்த்து, குச்சியை ஊன்றி, சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். ஜூரிக்காரர் ஒருவரின் பட்டையே தவறாக இருந்தால் அதையும் அவர் முன்னாலேயே குறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் டவ்கோட் என்ற ஊர் மதுவிடுதிக்குத் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, குற்றம், அபராதம் என்று பட்டியல் எழுதுகிறார்கள். அபராதம் சில பவுண்டுகள்தான். ஆனால் அதை ஊரார் முன்னிலையில் வாசிப்பார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே விடுதியில் நீதிமன்றம். ஸ்டூவர்ட் நடுவில் உட்கார, பெய்லிஃப் என்ற நீதிமன்றப் பணியாளர் அவையைக் கூட்டுகிறார். வரக் கடமைப்பட்டவர்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன, வராதவர்களுக்குச் சில காசு அபராதம். பட்டியல் படிக்கப்படுகிறது, பணம் வசூலாகிறது, பிண்டர் நியமிக்கப்படுகிறார். கடைசி வேலையாக, அடுத்த வருஷத்து ஜூரி எழுந்து நின்று சத்தியம் செய்கிறது. அடுத்த வருஷம் அவர்கள் பார்க்கப் போவது வேறு வயல். மூன்று வருஷம் கழித்துத்தான் இன்றைக்கு அடித்த குச்சிகளிடம் ஜூரி திரும்பி வரும்.